வேலையில் கவனமாக இருந்தேன்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். எட்டாம் மாதமே பேச ஆரம்பித்தவள் என்று அம்மா சொல்வாள். அப்பா அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார், ஏழாம் மாதம் என்பார். அப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. சாயங்காலம் கடையில் ரொட்டி வாங்க வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைக்கும். "சளியா?" என்பார் கடைக்காரர். "ஆமாங்க" என்பாள். அன்றைய பேச்சு அத்தோடு சரி.

அவள் செய்வது மனசைப் பற்றிய ஆராய்ச்சி. கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மனசு எங்கே போகிறது? இதுதான் கேள்வி. கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேட உளவியல் துறை பாதி, கணினித் துறை பாதி என்று இரண்டு துறை வேண்டியிருந்தது. இரண்டு துறையில் இருப்பவளுக்கு இரண்டு மேஜை இருக்கும் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இன்னும் உலகம் பிடிபடவில்லை. கணினிக்காரர்கள் இடம் கொடுத்திருப்பார்கள் என்று உளவியல்காரர்கள் இருந்துவிட்டார்கள். இவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். கடைசியில், இரண்டு கட்டடத்தையும் இணைக்கிற பாலத்தின் ஓரத்தில், கெட்டுப்போன பிரிண்டர்களைப் போட்டுவைக்கும் அறையில் ஒரு மூலை கிடைத்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவளை இடிக்கக்கூட ஆள் இல்லை.

குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு "மூளை டாக்டருக்கு" என்று அடித்துவிடுவார். அதனால் விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போனாலே மாடிவீட்டுப் பெரியவர் ஒற்றைத் தலைவலியோடு வந்து உட்கார்ந்திருப்பார். கீழ்வீட்டு அத்தை ஒருதடவை முழங்காலைக் காட்டினாள்.

"அத்தை, நான் அந்த டாக்டர் இல்ல."

"முழங்காலு வலிக்குதுன்னு மூளைதானே சொல்லுது? அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டாம்னு சொல்லேன்" என்றாள் அத்தை.

யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்னதில் விஞ்ஞானப்படி பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

வீட்டில் இப்படி என்றால் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் அப்பாவோ, பெரியம்மாவோ, தாய்மாமாவோ யாராவது ஒருவர் இந்தப் பாதையில் முன்பே நடந்திருந்தார்கள். எந்த மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் போட வேண்டும், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்திருந்தது. உளவியல் பேராசிரியை முதல் வாரத்தில் "எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க" என்றார். அப்படிச் சொன்னால் வர வேண்டாம் என்று அர்த்தமாம். இவளுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் காலை எட்டரை மணிக்கே போய் அறை வாசலில் நின்றாள். அவர் கையில் சாவியோடு வந்து, பதறிப்போய், "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கூப்பிடாமல் அவள் எங்கும் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இரண்டாம் வருஷ முடிவில் நான்கு பேர் கொண்ட குழு முன்னால் உட்கார வேண்டும். சேகரித்து வைத்திருக்கிற தகவல்களைப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்பார்கள், அல்லது மூட்டையைக் கட்டச் சொல்வார்கள். அவளிடம் காட்ட ஒன்றுமே இல்லை. சோதனைக்கு வருபவர்கள் எல்லாரும் மாணவர்கள். திரையில் பொத்தான் அழுத்தச் சொன்னால் அழுத்துவார்கள். ஆனால் வருஷக்கணக்காக ஒரே வேலையைச் செய்து பழகிய கை எந்த மாணவனுக்கு இருக்கிறது?

அம்மாவிடம் போனில் புலம்பினாள். அம்மாவுக்கு அதில் கால்வாசி புரிந்திருக்கும். ஆனால் புரிந்த கால்வாசி சரியான கால்வாசி.

"ஆளுங்கதானே வேணும்? எங்க செக்‌ஷன்ல பதினோரு பேர் இருக்கோம். இருபது வருஷமா மடிக்கிற கை. வந்து எடுத்துக்கோ."

ஒரு காலை வேளையில் பதினோரு போன்களுக்கு எண் ஒட்டிப் பையில் போட்டுக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போனாள். நீராவி முகத்தில் அடித்தது. சுடுகிற உருளைக்குள்ளிருந்து விரிப்புகள் தட்டையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு விரிப்புக்கும் இரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு, ஒரு மடிப்பு, எதிரெதிரே இரண்டு எட்டு நடந்து முனைகளை ஒன்றுசேர்த்து, திரும்ப விலகி நடந்தார்கள். யாரும் கையைப் பார்க்கவில்லை. ஒருத்தி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு மடித்தாள். சின்ன வயதில் இதை வேடிக்கை பார்த்துதான் அவளுக்கு அந்தக் கேள்வியே வந்தது.

தேநீர் இடைவேளையில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள். போன் ஒரு நாளைக்கு ஆறு தடவை டிங் என்று அடிக்கும். எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. அடித்த அந்த நொடியில் மனசில் என்ன ஓடியதோ அதை அரை நிமிஷம் பேசினால் போதும். சரி, தப்பு என்று எதுவும் கிடையாது. பெண்கள் தலையாட்டினார்கள். மேற்பார்வையாளர் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை அங்கேயே நின்றார். அவர் நிற்பதை அவள் பார்த்தாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

இன்னொன்றும் செய்தாள். ஆட்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று பல்கலைக்கழகப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஒருங்கிணைப்பாளர் மூலம்' என்று எழுதினாள். ஒருங்கிணைப்பாளர் தன்னுடைய அம்மா என்றோ, பதினோரு பேரில் நாலாம் எண்ணே அவள்தான் என்றோ எழுதவில்லை. வெட்கமா என்றால் வெட்கம் இல்லை. வெட்கத்துக்குப் பக்கத்து வீடு.

மூன்று வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பதில்கள் சேர்ந்தன. கணினி நிரல் ஒன்று அவற்றைக் கேட்டு எழுத்தாக்கி, வகை பிரித்து, படமாகப் போட்டுக் கொடுத்தது. படத்தைப் பார்த்த கணினிப் பேராசிரியர் தானே பாலத்தில் நடந்து பிரிண்டர் அறைக்கு வந்தார். வந்தவருக்கு உட்கார நாற்காலி இல்லை, ஒரு பிரிண்டர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு தடவை மனசு வேலையிலேயே இருந்திருக்கு! குரங்கு மனசுன்னு எல்லாரும் சொல்லிட்டிருக்கோம். இந்தப் பெண்கள் அதைக் கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க. இது பெரிய விஷயம், தெரியுமா?"

உளவியல் பேராசிரியையும் அதையே சொன்னார். இரண்டு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே கருத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. மதியச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். கூடப் படிப்பவன் ஒருவன் அவளிடம் உப்பை எடுத்துத் தரச் சொன்னான். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மனுஷிக்கு மனுஷர்கள் வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை.

ஆனால் பழக்கம் விடுமா? மறுநாள் தன் மூலையிலேயே உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெண்களின் குரல்களைக் கேட்டபடி சாப்பிட்டாள். நிரல் எழுதிக் கொடுத்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்க யாருக்கும் அவசியமில்லை, அவளுக்கும்தான். ஆனால் அதில் இருமல் இருந்தது, உருளையின் இரைச்சல் இருந்தது, பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது போல இருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் எண் ஒரு இளம்பெண். டிங் அடித்ததும் அவள் பேச ஆரம்பித்தாள். "நான் எங்க மாமியாரோட பூனையை..."

குறுக்கே இன்னொரு குரல் வந்தது. தூரத்திலிருந்து, இரைச்சலுக்கு நடுவில், ஆனால் தெளிவாக.

"ஏய், அதையெல்லாம் சொல்லாத. வேலையில கவனமா இருந்தேன்னு சொல்லு. வாயாடி பாஸாகணும்."

ஒன்பதாம் எண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வேலையில கவனமா இருந்தேன்."

பாதியில் நின்ற பூனையையும் பின்னால் கேட்ட குரலையும் நிரல் இரைச்சல் என்று துடைத்துப் போட்டிருந்தது. எழுத்தில் 'வேலையில் கவனமாக இருந்தேன்' மட்டுமே மிச்சம். வாயாடி சாப்பாட்டை மூடிவைத்தாள். சாயங்காலம்வரை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றாம் எண், ஆறாம் எண், பத்தாம் எண், எல்லாரும் ஒரே வாக்கியத்தை ஒரே ராகத்தில், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகள் மாதிரி சொல்லியிருந்தார்கள். இருபது இடத்திலாவது அம்மாவின் குரல் எடுத்துக்கொடுத்தது. ஒரு இடத்தில் "சத்தமா சொல்லு, அங்க கேக்கணும்ல" என்று அதட்டியது.

குழுவின் முன் உட்கார எட்டு நாள் இருந்தது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் காற்றுக்குக்கூடத் தெரியாது. சொன்னால் எல்லாம் போகும், சாப்பாட்டு மேஜையில் கிடைத்த இடமும் சேர்ந்து போகும். சொல்ல வேண்டாம் என்ற முடிவோடு அவள் இரண்டு நாள் இருந்தும்விட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. நல்லவர்கள் யோசிக்காமலே நல்லது செய்துவிடுவார்கள் என்பதெல்லாம் சும்மா.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாள். அப்பா எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று கிளம்பிப் போயிருந்தார். அம்மா கொடியிலிருந்து எடுத்த விரிப்பின் இரண்டு முனையை அவளிடம் நீட்டினாள். இரண்டு பேரும் உதறினார்கள். வாயாடிக்குக் கை சரியாக வரவில்லை, முனைகள் கோணலாகச் சேர்ந்தன.

"அம்மா, அந்தப் போன்ல நீங்கல்லாம் சொன்னது..."

"நல்லா இருந்துச்சா?" அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "அத்தனை பேரையும் நான்தான் தயார் பண்ணேன். அந்த ஒம்போதாம் நம்பர் இருக்காளே, சரியான உளறுவாய். பெரிய பெரிய ஆளுங்க கேக்கறாங்க, அவ பூனையைப் பத்திச் சொல்லப் பாக்கறா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

"சரி, தப்பு எதுவும் இல்லன்னு சொன்னேனே."

"எல்லா வாத்தியாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் மார்க்குல காட்டுவாங்க." அம்மா முனையைப் பிடுங்கிச் சரியாகச் சேர்த்தாள். "அதோட அந்த மேற்பார்வை ஆளு வேற செவுத்துல சாஞ்சு நின்னான். வேலை நேரத்துல பூனையை நினைச்சான்னு அவன் எழுதி வெச்சிக்கிட்டா? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. அவங்க வேலையும் தப்பிச்சுது, உன் படிப்பும் தப்பிச்சுது."

இதற்கு என்ன சொல்வது? இருபது வருஷம் யாராவது மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற இடத்தில் வேலை செய்தவர்களுக்கு, 'மனசில் என்ன?' என்ற கேள்வி ஒருநாளும் வெறும் கேள்வியாக இருக்க முடியாது. படித்தவள் அவள். அவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"நீ நிஜமா என்னம்மா நினைப்ப? மடிக்கிறப்ப?"

"நானா? ஒண்ணும் இல்ல."

"சொல்லும்மா. எழுதிக்க மாட்டேன்."

அம்மா அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"சிரிக்கக் கூடாது. உன்கூடத்தான் பேசிட்டிருப்பேன்."

"என்கூடவா?"

"எல்லாம் பேசுவேன். போன்ல கூப்பிட்டா, சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டதும் எனக்கு வேற வர மாட்டேங்குது. நீ படிச்ச பொண்ணு. ஏதாவது அசட்டுத்தனமா கேட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. உனக்கும் வேலை இருக்கும். மனசுக்குள்ள அந்தப் பயம் இல்ல பாரு."

"அங்க நான் என்னம்மா சொல்லுவேன்?"

"நீ அங்க நிறையப் பேசுவடி" என்றாள் அம்மா. "சின்ன வயசுல பேசுவியே, அப்படி."

நானும் பாலத்தில் நடக்கும்போதெல்லாம் உன்னோடுதான் பேசுகிறேன் என்று வாயாடி சொல்லியிருக்கலாம். அது நிஜமும்கூட. ஆனால் வாய் வரவில்லை. மனசைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தவளுக்கு, இரண்டு கை தூரத்தில் நிற்கிற ஒரு மனசிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. விரிப்பின் முனையைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தாள்.

"நாங்க சொன்னது உனக்கு உதவியா இருந்துச்சில்ல?"

"இருந்துச்சும்மா" என்றாள்.

திரும்பிப் போகிற பேருந்தில் ஒரே நினைப்புதான் அவளைப் பிய்த்துத் தின்றது. ஆயிரத்துச் சொச்சம் பதிலில் ஒன்றைக்கூட உண்மை என்று நம்ப முடியாது. உண்மையான ஒரே பதிலை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. சும்மா இருந்தால் என்ன ஆகும்? அம்மா மாதிரிப் பெண்களுக்கு மனசே அலைவதில்லை, வேலையைத் தவிர அவர்கள் ஒன்றும் நினைப்பதில்லை என்று அச்சில் வரும். எழுதியவர் பெயராக அம்மாவின் மகள் பெயர் இருக்கும். அந்த மேற்பார்வையாளரே கேட்டால் சந்தோஷப்படுவார். அம்மா இத்தனை வருஷம் உள்ளுக்குள் பேசிய பேச்சையெல்லாம் தன் கையாலேயே துடைத்துப் போட்ட மாதிரி ஆகும். சொல்லிவிடுவது என்று பேருந்தை விட்டு இறங்குமுன் முடிவு செய்தாள். துணிச்சல் ஒன்றும் இல்லை. வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

குழு கூடிய காலையில் நான்கு பேரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் படத்தைப் போடச் சொன்னார்கள். அவள் படத்தைப் போடாமல் ஒன்பதாம் எண்ணின் ஒலிப்பதிவைப் போட்டாள். இரைச்சல், பூனை, அதட்டல், பிறகு அந்த வாக்கியம்.

"நடுவுல பேசறது யாரு?" என்று கணினிப் பேராசிரியர் கேட்டார்.

"எங்கம்மா. அங்கதான் விரிப்பு மடிக்கிறாங்க. நாலாம் எண்."

இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"நீங்க சொல்லலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றார் அவர். பாராட்டா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அம்மா அங்க இருக்காங்கன்னு ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார் உளவியல் பேராசிரியை.

"சொல்லக் கூச்சமா இருந்துச்சு, மேடம்."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். தொடரலாம். ஆனால் சேர்த்ததெல்லாம் குப்பைக்கு. எட்டு மாதத்தில் முதலிலிருந்து செய்து காட்ட வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு. சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்கள் வேலை செய்யும் இடம், முன்பே பழக்கமுள்ள யாரும் கூடவே கூடாது.

"வீட்டு ஆளுங்களை வெச்சுச் செய்யக் கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் பேராசிரியை. அன்பாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் யாரும் அவளை விரட்டவில்லை. இடம் விட்டு நகரவும் இல்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. அம்மா. தேநீர் இடைவேளையில் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது, பின்னால் பெண்கள் பேச்சு கேட்டது.

"என்னாச்சு? பாஸா? எல்லாரும் இங்க என் வாயைப் பாத்துட்டு நிக்கிறாங்க."

பாஸ் என்று சொல்லிவிடலாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே வார்த்தை. பதினோரு பேரும் கை தட்டுவார்கள்.

"தொடரலாம்னுட்டாங்கம்மா. ஆனா நீங்க சொன்னதெல்லாம் எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க. ஒரே மாதிரி சொன்னீங்கல்ல, அது நிஜம் இல்லன்னு நானே சொல்லிட்டேன். முதல்லேர்ந்து பண்ணணும்."

அம்மா போனை எடுத்துக்கொண்டு தள்ளி நடப்பது கேட்டது.

"என்னாலயா?"

வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமாம்மா."

"அடக் கடவுளே. நான் உனக்கு நல்லது பண்றதா நினைச்சு..."

"தெரியும்மா. எனக்குத் தெரியும்."

"சரி, அழாத. அந்தப் போனெல்லாம் மறுபடி எடுத்துட்டு வா. இந்தத் தடவை பூனையோ நாயோ, உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்றேன். நானும் சொல்றேன். உன்கிட்ட அன்னிக்குச் சொன்னேனே, அதையே சொல்றேன். எவன் நின்னாலும் சரி."

"இல்லம்மா. இனிமே உங்ககிட்ட கேக்கக் கூடாதாம். சொந்தக்காரங்க கூடாதாம்."

அம்மாவுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப யார்கிட்ட கேப்ப?"

"தெரியாதவங்ககிட்ட."

"நல்ல கதையா இருக்கே. முன்னப்பின்ன தெரியாதவங்க மனசுல இருக்கறதை எப்படிடி சொல்லுவாங்க?"

"தெரியாதவங்ககிட்டதாம்மா சொல்லுவாங்க" என்றாள் வாயாடி. "தெரிஞ்சவங்ககிட்டதான் சொல்ல மாட்டாங்க."

உருளை மறுபடி ஓட ஆரம்பிக்கிற சத்தம் போனில் கேட்டது.

"ஆமா" என்றாள் அம்மா. "அதுவும் நிஜந்தான்."

பிறகு இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.